இன்றைய தேதி முதல்

— யம்மா, இரு. இந்த எடத்துல 'மனைவி'ன்னு போடறதா, 'முன்னாள் மனைவி'ன்னு போடறதா? இருபத்தாறு வருஷமா பத்திரம் எழுதறேன். சந்தவாசல்லேர்ந்து சந்தைக்கு சந்தை இந்த ஜமுனாமரத்தூருக்கு ஏறி வந்து எழுதறேன். பேனா இப்படி நட்டநடுவுல நின்னதில்ல.

— ரெண்டும் வேணாம் கோபால்சாமி ஐயா. ஜோஹரான்னு போடுங்க. எங்க அத்தா பேரப் போடுங்க. ஆலங்காயம் அதாவுல்லா மகள் ஜோஹரா.

— அப்ப எதிர்ல உக்காந்திருக்கற பாய் உனக்கு யாரும்மா?

— அவர்கிட்டயே கேளுங்க. வாய் இருக்குதில்ல.

— ஜப்பார் பாய், நீங்களாச்சும் சொல்லுங்க. எழுத்துன்னா எழுத்து. அதுல வழவழன்னு இருக்கக்கூடாது.

— இன்னா சொல்றது ஐயா. ஆறு வருஷம் புருஷனா இருந்தவன். மூணு மாசத்துக்கு முன்ன, வாணியம்பாடியில என் வூட்டு வாசப்படியில நின்னுக்கினு தலாக்கு சொல்லிட்டேன். ஒரே ஒரு வாட்டி.

— மூணு வாட்டி சொல்லணும்னு இல்ல கேள்விப்பட்டிருக்கேன்.

— மூணு சொன்னா ஒரேடியா முடிஞ்சிப்போவும். ஒண்ணு சொன்னா வழி இருக்கு. பொம்பளைக்கு இத்தான்னு ஒரு கெடு உண்டு. மூணு மாசம் சுமாருக்கு வரும். அதுக்குள்ள புருஷன் 'உன்ன திருப்பி எடுத்துக்கிட்டேன்'னு ஒரு வார்த்த சொன்னா போதும். மறுபடி நிக்காஹ் வேணாம், பொண்ணுக்கு மஹர் பணம் வேணாம். பழையபடி பொண்டாட்டி.

— அந்தம்மா சரின்னு சொல்லணும் இல்ல?

— சொல்லத் தேவையில்ல ஐயா. அத மட்டும் அவரு வுட்டுட்டாரு பாருங்க. கெடு ஓடிக்கினு இருக்கறவரைக்கும் என்ன யாரும் கேக்க வேண்டியதில்ல. அவரு ஒரு வார்த்த சொன்னாருன்னா நான் மூட்டைய கட்டிக்கினு பின்னாலயே போவணும். ஷரத்து கிரத்துன்னு ஒண்ணும் பேச முடியாது.

— கெடு தாண்டிட்டா?

— தாண்டிட்டா அவரு யாரோ, நான் யாரோ. வேணும்னா புதுசா பொண்ணு கேக்கணும். நான் சரின்னு சொன்னாத்தான் நிக்காஹ். சரின்னு சொல்றதுக்கு முன்ன நான் ஆயிரம் கேப்பேன்.

— அதான் ஐயா இப்ப நடக்குது. காலையில மரம் ஏத்தற கூப்பு லாரியில தொத்திக்கினு வந்து எறங்கினேன். அந்த ஒரு வார்த்தய சொல்லிட்டு கையோட கூட்டிக்கினு போய்டலாம்னு தான் வந்தேன். பாத்தா இவ நடு சந்தையில கடுக்காய் மூட்ட மேல உக்காந்து தராசு புடிச்சிக்கினு இருக்கா. இத்தாவுல இருக்கறவ வாசப்படி தாண்ட மாட்டா. எங்க ஜனத்துல சின்ன புள்ளைக்கும் அது தெரியும். கெடு தாண்டிடுச்சின்னு அப்பவே தெரிஞ்சிபோச்சி. லேட்டா வந்துட்டேன்.

— அப்ப ரயில் போய்டுச்சின்னு சொல்லுங்க.

— ரயில் எங்கயும் போவல ஐயா. ஓசியில ஏறலாம்னு வந்தாரு, டிக்கெட்டு எடுத்துட்டு ஏறச் சொல்றேன். எழுதுங்க.

— அந்த கெடு எத்தினி நாளுன்னு சொல்லு பாய். பத்திரத்துல நாள் கணக்கு இருந்தா நல்லது.

— எங்கண்ணன் லத்தீப்பு காலண்டர்ல கோடு போட்டுக்கினே வந்தாரு. இன்னியோட எம்பத்தஞ்சி. இன்னும் நாலஞ்சி நாளு இருக்கும்னு தான் நான் நம்பி வந்தேன்.

— காலண்டர்ல எண்ணறதுக்கு அது இன்னா இவங்க தோல் டேனரி லீவா? பொம்பள ஒடம்பு கணக்கு ஐயா அது. மூணு வாட்டி வூட்டுக்கு தூரம் ஆவணும். எண்ணுறது நான். காஜியாரே வந்து நின்னாலும் என் வாய்வார்த்தயத்தான் கேட்டுக்கணும்.

— யம்மா, அதெல்லாம் பத்திரத்துல கொண்டாராத. எனக்கு கூச்சமா இருக்கு.

— நீங்க எதுக்கு கூச்சப்படறீங்க. இவங்க வூட்டுல நாலு ஆம்பளைங்க குந்திக்கினு அத எண்ணிக்கினு இருந்திருக்காங்க. அவங்களுக்கு வரல கூச்சம்.

— ஜோஹரா, வந்த எடத்துல மானத்த வாங்காத.

— வாசப்படியில வெச்சி, தெருவே பாக்க, ஒரு வார்த்த சொன்னீங்களே. அப்ப யாரு மானம் போச்சி?

— சரி வுடு.

— வுட்டுட்டுத்தான் எழுத வந்திருக்கேன். ஐயா, மொத ஷரத்து. தை பொறந்தா கடுக்காய் காலம். பறிக்கற காலம் முடியற வரைக்கும் நான் மலையிலதான் இருப்பேன். எத்தினி நாளு ஆனாலும் சரி. இன்னாத்துக்கு போன, யார் வூட்டுல தங்கினன்னு வாணியம்பாடியில ஒருத்தரும் கேக்கக்கூடாது.

— இரு, இரு. அவசரப்படாத. தலைப்பு எழுதிட்டேன். இத படிக்கறேன் கேளு. 'வாணியம்பாடியில் இருக்கும் ஜப்பார், ஆலங்காயத்தில் இருக்கும் காலஞ்சென்ற அதாவுல்லா குமாரத்தி ஜோஹராவுக்கு எழுதிக்கொடுத்த உடன்படிக்கைப் பத்திரம் என்னவென்றால், மேற்படி ஜோஹராவை நாளது தேதியில் யாதொரு வில்லங்கமும் இல்லாமல் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள...'

— நிறுத்துங்க. யாரு யார ஆண்டு அனுபவிக்கறது?

— ஐயோ. கை தானா போய்டுச்சிம்மா. கிரயப் பத்திரம் எழுதி எழுதி, 'மேற்படி'ன்னு ஒரு வார்த்த வுழுந்தா மிச்சம் தன்னால வந்து வுழுது.

— நான் இன்னா மானாவாரி நெலமா? நாலு எல்லைக்கும் கல்லு நட்டு வெச்சிருக்கா?

— அடிச்சிடறேன். பாய் சிரிக்காத, ஒன்றர ரூபா முத்திரத்தாள் இது.

— அடிக்காதீங்க ஐயா. அந்த வரி நல்லாத்தான் இருக்குது. ஆள மட்டும் மாத்துங்க. 'மேற்படி ஜோஹரா தன்னைத் தானே சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.'

— அப்படி ஒரு வாசகமே கெடையாதும்மா. எந்த பத்திரத்துலயும் கெடையாது.

— இன்னிலேர்ந்து உண்டு. எழுதுங்க.

— அப்ப எனக்குன்னு இன்னா மிச்சம், ஜோஹரா?

— நானா வந்து உங்க பக்கத்துல உக்காருவேன். யாரும் இழுத்தாந்து உக்கார வெச்சதா இருக்காது. அது மிச்சம். பத்தலன்னா இப்பவே எழுந்து போங்க, லாரி இன்னும் கெளம்பல.

— போறதுக்கா இவ்ளோ தூரம் வந்தேன். எழுதுங்க ஐயா.

— எழுதறேன் பாய். என் சங்கத்துல தெரிஞ்சா சிரிப்பாங்க. எழுதறேன். ரெண்டாவது?

— ஆலங்காயத்துல எங்க அத்தா வுட்டுட்டுப் போன கடுக்காய் குடோன். அது எம்பேர்லயே இருக்கணும். இவரு டேனரியில தோலு பதம் பண்ண என் சரக்கு வேணும்னா, மத்த வியாபாரிங்ககிட்ட வாங்கற மாதிரி கேட்டு வாங்கணும். பொண்டாட்டி சரக்குதானேன்னு வண்டி அனுப்பி ஏத்திக்கினு போவக்கூடாது.

— நான் எப்ப அப்படி ஏத்தினேன்?

— நீங்க ஏத்தல. உங்கண்ணன் ஏத்தினாரு. ரெண்டு வருஷம். நான் ஒரு வாட்டி உங்ககிட்ட சொன்னேன். நீங்க சோத்துத் தட்டப் பாத்துக்கினு இருந்தீங்க.

— அண்ணன எதிர்த்து எனக்கு பேச வராது. உனக்கு தெரியும்.

— தெரிஞ்சிதான் பேப்பரு. உங்களுக்கு வாய் வரலன்னா, இது பேசும்.

— எழுத்துன்னா எழுத்து. சரியா சொன்னம்மா. 'மேற்படி கிடங்கில் ஜப்பாருக்கோ அவரது சகோதர வர்க்கத்தாருக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது.' இது எனக்கு நல்லா வரும். ஆமா, இந்த ஷரத்தெல்லாம் எந்த நாள்லேர்ந்து செல்லும்? நிக்காஹ் ஆன நாள் முதல்னு போடறேன். அதான் மொற.

— வேணாம். இன்றைய தேதி முதல்னு போடுங்க.

— அது எப்படிம்மா பொருந்தும்? இன்னிக்கு நீ அவருக்கு ஒண்ணும் இல்லன்னு நீயே சொல்ற.

— அவரு சொன்னாரு. நீங்க எழுதுங்க. நிக்காஹ் நாள்லேர்ந்துன்னு போட்டா லத்தீப்பு பாய் அந்த நாளையே ஆறு மாசம் தள்ளி வெப்பாரு. அது வரைக்கும் குடோனு யாருது?

— போடுங்க ஐயா. ஒரு வாரம் முன்ன பின்ன, அதுல இன்னா வந்துடப்போவுது.

— உங்க இஷ்டம். 'இன்றைய தேதி முதல் செல்லுபடியாகும்.' போட்டாச்சி. மஹர்னு சொன்னீங்களே, புது மஹர் எவ்ளோன்னு இங்கயே எழுதிடலாமா?

— அத அப்பால பாத்துக்கலாம் ஐயா. மூணாவது ஷரத்து இருக்கு. அதுக்குத்தான் இன்னிக்கு சந்தையில பாதி மூட்டைய எடை போடாம வுட்டுட்டு வந்திருக்கேன்.

— சொல்லு.

— தலாக்கு சொல்ற ஹக்கு எனக்கும் வேணும்.

— ஜோஹரா.

— சத்தம் போடாதீங்க. காஜியார்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். புருஷன் தன்னோட ஹக்க பொண்டாட்டி கையில எழுதிக் குடுக்கலாம். மார்க்க கித்தாபுல இருக்கு. 'இன்ன காரியம் நடந்தா நீயே உன்ன வுடுவிச்சிக்கலாம்'னு புருஷன் எழுதிக் குடுத்தா, அது நிக்கும்.

— கித்தாபுல இருக்கும். ஊர்ல எவன் குடுத்திருக்கான்? நாளைக்கு பள்ளிவாசல் படியில நான் எப்படி ஏறுவேன்? பொண்டாட்டி கையில தலாக்க குடுத்த ஜப்பாருன்னு சொல்வாங்க. டேனரியில தோலு ஒதர்ற ஆளுங்ககூட சிரிப்பானுங்க.

— பொண்டாட்டிய தெருவுல நிக்க வெச்ச ஜப்பாருன்னு இப்ப சொல்றாங்களே, அது நல்லா இருக்குதா?

— நான் இன்னா, ஒனக்கு சோறு போடாம வுட்டனா? கை ஓங்கினனா? ஆறு வருஷத்துல ஒரு அடி? ஐயா நீங்க கேளுங்க இவள.

— என்ன கேக்கச் சொல்லாத பாய். நான் எழுதறவன்.

— அடிக்கல. இல்லன்னு சொல்லல. கதவ சாத்தினீங்க. ஐயா, நீங்களே கேளுங்க. போன கார்த்திகையில பறிக்கற ஆளுங்கள பேசி வைக்க மலைக்கு வந்தேன். வருஷா வருஷம் வர்றதுதான். மழை புடிச்சிக்கிச்சி. பாறை சரிஞ்சி பாதை அடைச்சிக்கிச்சி. நாலு நாளு, எனக்கு கடுக்காய் பறிக்கற வெள்ளையம்மாள் குடிசையில கெடந்தேன். சாமைக் கஞ்சி குடிச்சிக்கினு, அவ ஆட்டுக்குட்டியோட ஒண்ணா படுத்துக்கினு. அஞ்சாம் நாளு மொழங்கால் சேத்துல எறங்கி நடந்து, ஆலங்காயத்துல வண்டி புடிச்சி, வாணியம்பாடி போய் நிக்கறேன். கதவு சாத்திக் கெடக்கு. தட்டறேன். உள்ள லத்தீப்பு பாய் கொரல் கேக்குது. 'நாலு ராத்திரி காட்டுல இருந்துட்டு வந்தவ'ன்னு. அப்பால கதவு தெறந்துச்சி. இவரு வந்து நின்னாரு. ஒரு வார்த்த சொன்னாரு. திரும்பி உள்ள போய்ட்டாரு. என் செருப்புல இருந்த சேறுகூட காயல.

— நாலு நாளும் நான் எங்க இருந்தேன்னு உனக்கு தெரியுமா?

— எங்க இருந்தீங்க?

— ஆலங்காயத்துல. உன் குடோன் கூரைக்கு கீழ. மலையிலேர்ந்து வர்ற ஒவ்வொருத்தனையும் புடிச்சி கேட்டேன். ஒருத்தன் பாறை வுழுந்துச்சின்னான். ஒருத்தன் ஒரு பொம்பள ஓடையில அடிச்சிக்கினு போனான்னான். மூணாம் நாளு நீ செத்துட்டன்னே முடிவு பண்ணிட்டேன். அங்க குந்திக்கினு அழுதேன். யாரும் இல்லாததால சத்தமாவே அழுதேன். நாலாம் நாளு ராத்திரி வூட்டுக்கு வந்துட்டேன். மறுநாளு நீ முழுசா வந்து வாசல்ல நிக்கற. அண்ணன் ஒரு பக்கம் பேசறாரு. எனக்கு உன்மேல அப்படி ஒரு கோவம். உயிரோட வந்துட்டியேன்னு கோவம். அது இன்னா கோவம்னு எனக்கு இன்னிவரைக்கும் சொல்லத் தெரியல. வாயில அந்த வார்த்ததான் வந்துச்சி.

— இத ஏன் அன்னிக்கு சொல்லல?

— அண்ணன் பக்கத்துல நின்னாரு.

— பாருங்க ஐயா. அழுதத சொல்றதுக்கு அண்ணன் பக்கத்துல இருக்கக்கூடாது. தலாக்கு சொல்றதுக்கு இருக்கலாம்.

— யம்மா, கொஞ்சம் எறங்கிப் போ. மனுஷன் கண்ணு கலங்கி இருக்காரு. மூணாவது ஷரத்த வுட்டுடேன். ரெண்டு போதாதா?

— போதாது. கண்ணு கலங்கறத நானும் பாத்துக்கினுதான் இருக்கேன். எனக்கும் கலங்குது. இவர எனக்கு புடிக்காதுன்னா நெனச்சீங்க? புடிக்காத ஆளுன்னா முத்திரத்தாளுக்கு ஒன்றர ரூபா செலவு பண்ணுவனா? ஆனா புடிக்குதுன்னு ஒருவாட்டி போனேன் ஐயா. அந்தக் கதவு என் மூஞ்சிலதான் சாத்திக்கிச்சி. தெறக்கறதும் சாத்தறதும் அவர் கையில மட்டும் இருந்தா அது வூடு இல்ல. எங்கிட்டயும் ஒரு சாவி இருக்கணும். நான் அத திருப்பவே மாட்டேன்னு கூட வெச்சிக்கோங்க. இருக்கணும்.

— யம்மா, எந்தக் காரணத்துக்குன்னு எழுதணும்? சும்மா நெனச்சப்பல்லாம் சொல்லிடுவியா?

— ஒரே ஒரு காரணம். நான் மலைக்கு போய்ட்டு வர்றப்ப கதவ சாத்தினா. அவ்ளோதான். வேற எதுக்கும் வேணாம். சண்ட போடுங்க, பேசாம இருங்க, குழம்புல உப்பு இல்லன்னு தட்ட தள்ளுங்க. அதுக்கெல்லாம் பத்திரம் வேணாம், நானே பாத்துக்குவேன்.

— எனக்கும் ஒரு ஷரத்து இருக்குது.

— சொல்லுங்க.

— மழைக்கு மாட்டிக்கினா ஆள் அனுப்பணும். எவனாச்சும் ஒருத்தன, எந்த வழியிலயாச்சும். உயிரோட இருக்கன்னு எனக்கு சேதி வரணும். இன்னொரு வாட்டி அந்த குடோன்ல குந்திக்கினு இருக்க என்னால ஆவாது.

— அத மொதல்ல எழுதுங்க ஐயா. எல்லாத்துக்கும் மேல எழுதுங்க.

— மேல எடம் இல்லம்மா. ஓரத்துல எழுதறேன். 'மழைக்காலங்களில் மேற்படி ஜோஹரா தம் க்ஷேமத்தை ஆள் மூலம் தெரிவிக்க வேண்டியது.' பாய், மூணாவதுக்கு இன்னா சொல்றீங்க? பேனா காயுது.

— அண்ணன் கேட்டா இன்னா சொல்றது?

— அது எனக்கு தெரியாது. நீங்க இங்க வந்தது அவருக்கு தெரியுமா?

— தெரியாது. திருப்பத்தூர் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்.

— முப்பத்தெட்டு வயசுல பொய் சொல்லிட்டு பொண்டாட்டிய பாக்க வர்றீங்க. இதுக்கு ஒரு வரி எழுத முடியாதா?

— எழுதுங்க ஐயா.

— நெசமாவா பாய்?

— எழுதுங்க. பள்ளிவாசல் படியில சிரிக்கறவன் சிரிக்கட்டும். அண்ணன் காலண்டர கிழிச்சி நானே அடுப்புல போடறேன். ஜோஹரா, ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. நீ போட்டுக்கினு போன செருப்பு ஒரு சோடி. வூட்டுல வுட்டுட்டுப் போன பழைய சோடி இன்னும் வாசல்லயே கெடக்கு. யாரையும் தொட வுடல. அண்ணி பெருக்கறப்ப தள்ளினாங்க. நான் திருப்பி எடுத்தாந்து அதே எடத்துல வெச்சேன்.

— இத சொல்றதுக்கு மூணு மாசமா?

— பேச வராதுன்னு சொன்னேனில்ல.

— 'மேற்சொன்னபடி கதவு அடைக்கப்படும் பட்சத்தில் மேற்படி ஜோஹரா தம்மைத் தாமே தலாக்கு செய்துகொள்ள ஜப்பார் இதன் மூலம் சம்மதித்து அதிகாரம் கொடுத்திருக்கிறார்.' போட்டாச்சி. இருபத்தாறு வருஷத்துல இப்படி ஒரு வரி எழுதுவேன்னு நெனக்கல. சாட்சிக்கு நான் ஒண்ணு. டீக்கட வடிவேலு ஒண்ணு. ஏய் வடிவேலு, கைய தொடச்சிட்டு வாப்பா. பாய், இங்க கையெழுத்து. உருதுவுலயா, தமிழ்லயா?

— ரெண்டுலயும் போடறேன். அப்பறம் எந்த ஊர்க்காரனும் படிக்கத் தெரியலன்னு சொல்லக்கூடாது.

— யம்மா, நீ?

— நான் தமிழ்ல. அத்தா சொல்லிக்குடுத்தாரு, மூட்ட மேல பேர் எழுதறதுக்கு.

— ஆச்சி. வடிவேலு, நீ போடு. ஆச்சி. மை காயட்டும். ரிஜிஸ்டர் பண்ணணும்னா போளூர் போங்க. பண்ணலன்னாலும் கையெழுத்து கையெழுத்துதான். எழுத்துன்னா எழுத்து. இந்தாம்மா, பத்திரமா வெச்சிக்கோ.

— அப்பாடா. ஜோஹரா, இன்னிக்கு லாரிக்கே எறங்கறேன். காஜியார பாத்து நாள் குறிக்கச் சொல்றேன். வர்ற வெள்ளிக்கெழம நிக்காஹ் வெச்சிக்கலாமா? உனக்கு சரிதான?

— காஜியார எதுக்குங்க தொந்தரவு பண்றீங்க?

— நிக்காஹ் இல்லாம எப்படி? உன்ன வூட்டுக்கு எப்படி கூட்டிக்கினு போறது?

— மலைக்காரங்க மூட்டையோட ரெண்டு வாரமா காத்துக்கினு இருந்தாங்க, அதான் வாசப்படி தாண்டி வந்தேன், ஆனா என் கணக்குல இத்தா முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்குதுங்க. காலையில சொல்ல வந்தீங்களே ஒரு வார்த்த, அத இப்ப சொல்லுங்க.